விதைக் கொட்டகையில் யாரும் இல்லை

மார்ச் 3

அண்ணா,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே உன் முகம் சுருங்கியிருக்கும். ஒன்பது வருஷம் எழுதாதவள் இன்றைக்கு எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லியிருப்பாய். சொன்னது சரிதான். அதற்கு முன்னால், உன் முழங்கால் எப்படி இருக்கிறது? யாராவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிட்டால் இன்னும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறாயா?

என் சங்கதி இது. மூக்குக் கண்ணாடிக் கடையை டிசம்பரோடு மூடுகிறேன். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். கடையோடு மேலே நான் இருக்கும் அறையும் போகிறது. அறுபது வயதில் வாடகைக்கு அறை தேடிப் படி ஏறி இறங்கத் தெம்பில்லை. நானோ ஒண்டிக்கட்டை. அப்பா என் பேரில் எழுதி வைத்த நிலம் ஊர்க் கடைசியில் சும்மாதான் கிடக்கிறது. அங்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று திட்ட அனுமதிக்கு மனுப் போட்டேன். தள்ளுபடி ஆகிவிட்டது.

ஊர் எல்லை என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே வீடு, வெளியே வெறும் விவசாயம். அந்தக் கோடு நம் நிலத்துக்குப் பதினெட்டு அடி முன்னாலேயே நின்றுவிடுகிறது. ஆனால் விதிவிலக்கு ஒன்று உண்டு. முன்பு அங்கே குடியிருந்த வீடு இருந்தது என்று காட்டினால், அதே அடித்தளத்தின் மேல் மறுபடி கட்டலாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் நாலு பேரும் ஆறு வருஷம் அங்கேதானே கிடந்தோம்.

திட்ட அலுவலர் ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கழற்றி நிமிர்த்திக் கொடுக்க என் கை பரபரத்தது. அவர் பழைய கோப்பு ஒன்றை எடுத்துத் திருப்பினார். ஐம்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஆய்வுக் குறிப்பு. ‘இது விதைக் கொட்டகை. எவரும் குடியிருக்கவில்லை. நில உரிமையாளரின் மகன் தந்த தகவல்.’ கீழே மகனின் கையெழுத்து. இடம் போதாமல் கடைசி எழுத்து வளைந்து கீழே இறங்கியிருக்கிறது. பதினோரு வயதில் நீ போட்டது.

எனக்குக் கோபமே வரவில்லை, அண்ணா. கண் நிறைந்துவிட்டது. விவசாய நிலத்தில் குடியிருப்பது தெரிந்தால் இடித்துவிடுவார்கள் என்று அப்பா நம்மை எப்படிப் பழக்கி வைத்திருந்தார். சாலையில் மோட்டார் சத்தம் கேட்டால் “கலைப்பு” என்று ஒரே ஒரு சொல். அவ்வளவுதான், வீடு கொட்டகையாகிவிடும். நீ அடுப்பையும் தட்டுகளையும் விதைப் பெட்டிக்குள் வைத்து மேலே சாக்கைப் போடுவாய். நான் எல்லோருடைய செருப்பையும் வாளியில் அள்ளிக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் ஓடுவேன். அம்மா கூடையோடு பின்பக்கமாக வயலில் இறங்கிவிடுவாள். இரண்டு நிமிஷம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

மேல்முறையீட்டு விசாரணை மே 20. அங்கே குடியிருந்தவர்களில் உயிரோடு இருப்பது நீயும் நானும்தான். மனுதாரர் சொல்வது சாட்சியாகாதாம். நீ வந்து, அன்று சொன்னது பொய், நாங்கள் அங்கேதான் வாழ்ந்தோம் என்று சொல்ல வேண்டும்.

பின்குறிப்பு: அந்தக் குறிப்பில் ‘உள்ளே பெண் கூலி ஆள் ஒருவர் இருந்தார்’ என்றும் ஒரு வரி இருக்கிறது. நாம் எப்போது கூலிக்கு ஆள் வைத்தோம்? உனக்கு நினைவிருக்கிறதா?

தங்கை

மார்ச் 17

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

விசாரணைக்கு என்னால் வர முடியாது. அரசாங்கத்துக்கு ஒரு தரம் ஒன்றைச் சொல்லிவிட்டு இப்போது போய் மாற்றிச் சொன்னால் என்னை என்ன நினைப்பார்கள்? அந்த வயதில் அப்பா சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். இந்த வயதில் நீ சொல்லிக் கொடுப்பதைச் சொல்ல வேண்டுமா?

நீ அதை வீடு என்று எழுதுகிறாய். கொட்டகை என்பதுதான் சரி. தகரக் கூரை, மண் சுவர், இரண்டு தடுப்பு. மழை பெய்தால் பேச்சுக் காதில் விழாது. உனக்கு அது விளையாட்டு. நீ சின்னவள், செருப்போடு தப்பித்தாய். பள்ளிக்கூடத்தில் யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாமல், எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் மில் குடியிருப்பு, எட்டாம் எண் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த எட்டாம் எண்ணில் அப்பாவின் சிநேகிதர்தான் இருந்தார். நான் அதன் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் என் மகள் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று நீ மறந்திருக்கலாம். சம்பந்தி வீட்டார் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மில் குடியிருப்பில் வளர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ குறுக்கே விழுந்து, “மில்லாவது மண்ணாவது, நாங்க இருந்தது கோழிக் கொட்டாய்ல” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை வாங்கிக்கொண்டு அன்று சாப்பிட உட்கார்ந்தது நான்தான்.

ஆறு வருஷம் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வருஷம் எட்டு மாதம். தண்ணீர்ப் பீப்பாய் கிழக்குச் சுவரோரம் இருந்தது. காலையில் அதன் மேல் விழும் வெயிலை வைத்துப் பள்ளிக்கு நேரம் சொல்லிவிடுவாள் அம்மா. கடிகாரம் அப்பாவோடு போய்விடுமே. ஒரு நாளும் தவறியதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

வேறு சாட்சி கிடைக்கிறதா என்று பார்.

அண்ணன்

மார்ச் 29

அண்ணா,

கல்யாண வீட்டில் நான் பேசியது தப்பு. கோழிக் கொட்டாய் என்றது அதைவிடத் தப்பு. கோழிகள் வெளியில்தானே இருந்தன. சரி, விளையாடவில்லை. நிஜமாகவே மன்னித்துக்கொள். நீ எட்டாம் எண்ணைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அம்மா நம் மண் சுவரை மாதம் ஒரு தரம் மண் குழைத்துப் பூசியதெல்லாம் இல்லையென்று ஆவது போல எனக்குப் பட்டது. அதனால் வாய் முந்திக்கொண்டது. உன் சபையில் உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

வேறு சாட்சி தேடச் சொன்னாய். தேடினேன். பக்கத்து நிலத்துக்காரர் எண்பது தாண்டியும் திடமாக இருக்கிறார். பெரிய நம்பிக்கையோடு போனேன். “அங்க யாரும்மா இருந்தா? உங்கப்பா விதை மூட்டை போட்டு வெச்சிருந்தாரு. நீங்க பிள்ளைங்க சாயங்காலமா வந்து விளையாடுவீங்க” என்கிறார். முப்பது கஜம் தள்ளி வேலை செய்தவர், அண்ணா. ஐந்து வருஷம் எட்டு மாதம் அவரையே ஏமாற்றியிருக்கிறோம். அப்பா இருந்திருந்தால் மார்தட்டிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடப் பதிவேட்டில் மில் குடியிருப்பு, எட்டு. ஆஸ்பத்திரிச் சீட்டில் மில் குடியிருப்பு, எட்டு. ஒரு காகிதம்கூட நாம் அங்கே இருந்தோம் என்று சொல்லவில்லை. மறைக்கிற வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்த குடும்பம் வேறு இருக்காது.

கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டிப் பார்த்தேன். ஒரு அடி ஆழத்தில் அடித்தளம் அப்படியே இருக்கிறது. பதினான்குக்குப் பத்து அடி. கொத்தனார் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேராகக் கொட்டகைக்கு யாரும் கல் வைக்க மாட்டார்கள், வீட்டுக்குத்தான் வைப்பார்கள் என்றார். நான் நடு அறை இருந்த இடத்தில் நின்றேன். இவ்வளவு சின்னதிலா நாலு பேர் படுத்தோம்? உனக்கும் எனக்கும் நடுவில் அம்மா படுத்தால்தான் உதை விழாது. யாராவது ஒருவர் திரும்பினால் எல்லோரும் திரும்ப வேண்டும். அதைவிடச் சுகமாக நான் எங்கேயும் தூங்கியதில்லை என்று அங்கே நிற்கும்போது தெரிந்தது. எனக்கு அந்த இடம் வேண்டும், அண்ணா. வேறு இடத்தில் பெரிய வீடு கொடுத்தாலும் வேண்டாம்.

அலுவலர் அம்மாள் ஒன்று சொன்னார். நமக்கு எதிராக இருப்பதில் கெட்டியானது அந்தப் பெண் கூலி ஆள் வரிதானாம். கூலிக்கு ஆள் வைத்து வேலை நடந்திருக்கிறது என்றால் அது விவசாயக் கொட்டகை என்பதற்கு அதுவே அத்தாட்சி என்கிறார். போன கடிதத்தில் அதைக் கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. யார் அது?

தங்கை

ஏப்ரல் 12

எறும்பு,

அப்பா வைத்த பேரைச் சொல்லியே ஆரம்பிக்கிறேன். இதை எழுத ஒரு வாரமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

அது அம்மா.

ஆய்வாளர் வந்த நாளுக்கு நாலு நாள் முன்னால் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிக் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அப்பா பம்பு வேலைக்குப் போயிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டதும் நான்தான் “கலைப்பு” என்றேன். நீ வாளியோடு ஓடினாய். அடுப்பு, தட்டு, போர்வை எல்லாவற்றையும் நான் ஒளித்துவிட்டேன். அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதற்குள் ஆய்வாளர் வாசலுக்கு வந்துவிட்டார்.

கெட்டவர் இல்லை. என்னிடம் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். யாரும் இல்லை, விதைக் கொட்டகை, கோழிக்குத் தீனி போட வந்தோம் என்று ஒப்பித்தேன். எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதற்கு அப்பா பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

“இந்தம்மா யாரு?”

“கூலிக்கு வந்தவங்க சார். களை எடுக்க.”

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, எறும்பு. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் “ஆமாங்க” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூலையில் கிடந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் காலோடு வயலில் இறங்கினாள். அவர் குறிப்பு எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போக அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் அம்மா குனிந்து களை எடுத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா வந்து கேட்டுவிட்டு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். என் சிங்கம், வீட்டைக் காப்பாற்றிவிட்டான் என்றார். அவர் என்னை அப்படித் தூக்கியது அது ஒரு தடவைதான். அம்மா வழக்கம்போலத் தட்டை வைத்தாள். எனக்கு முதலில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பதினேழு வயதில் ஊரைவிட்டு வந்தேன். வந்த இடத்தில் எல்லோரிடமும் மில் குடியிருப்பு என்றே சொன்னேன். தகரக் கூரைக்கு வெட்கப்பட்டேன் என்று நீ நினைக்கிறாய். கூரை எனக்குப் பெரிதில்லை. அங்கே இருந்தோம் என்று ஒப்புக்கொண்டால் அந்த நாளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது நீ அதிகாரிகள் நாலு பேர் முன்னால் நின்று அதைச் சொல்லச் சொல்கிறாய்.

அண்ணா

ஏப்ரல் 20

அண்ணா,

கடையில் ஒருவருக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. பாதியில் அவரை நாளை வரச் சொல்லிவிட்டுக் கடையைச் சாத்தினேன். நன்றாக அழுதேன். அம்மாவுக்காகவா உனக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து அம்மாவைப் பார்த்தேன். நொண்டிக்கொண்டு களை எடுத்தாள். கால் சரியாகிவிட்டது, நம்மிடம் சொல்லாமல் வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பது வயதுக் கழுதைக்கு அதற்கு மேல் என்ன புத்தி இருக்கும். அந்த வீக்கம் வடிய இரண்டு மாதம் ஆயிற்று.

அம்மா அதை மறந்திருப்பாள் என்று சொல்லி உன்னைத் தேற்றலாம். எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரியில் கடைசி நாலு மாதம் நான்தான் கூட இருந்தேன். வாய் ஓயாமல் பேசினாள். அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஒரு தரம் பஸ் நிலையம் வரை போனது, நான் உண்டானபோது வேண்டாம் என்று நினைத்தது, எல்லாம் சொன்னாள். இதை மட்டும் சொல்லவில்லை. மறந்தாளா, அல்லது உன்னைப் பற்றி என்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டாளா, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா இரண்டாவதைத்தான் செய்வாள்.

நீ சாட்சி சொல்ல வேண்டாம். மேல்முறையீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பழைய வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் பின்னறை காலியாக இருக்கிறதாம். ஒரு ஆள்தானே, சமாளித்துக்கொள்வேன். வீடு கேட்கப் போய் உன்னிடம் இதைத் தோண்டிவிட்டேன். முழங்காலை ஒழுங்காகப் பார்த்துக்கொள்.

உன் எறும்பு

மே 6

எறும்பு,

ஒன்றையும் திரும்ப வாங்காதே.

முழங்காலுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. ஆறு வாரம் பயணம் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன் பின்னால் ஒளிந்துகொள்கிறேன் என்று நினைத்துவிடாதே. உறுதிமொழிப் பத்திரம் எழுதி, வக்கீல் முன்னால் கையெழுத்திட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று பக்கம். யார் எங்கே படுத்தோம், அடுப்பு எங்கே இருந்தது, எது எந்தப் பெட்டிக்குள் போகும் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். அம்மா விஷயம் கடைசிப் பக்கத்தில்.

எழுத ஆரம்பித்தால் நிற்க மாட்டேன் என்கிறது. மழை நாளில் ஒழுகும் இடங்களுக்கு அம்மா ஒவ்வொரு பாத்திரமாக வைப்பாளே, பெரியது கதவருகில், சின்னது அப்பா தலைமாட்டில் என்று, அதைக்கூட எழுதினேன். வக்கீல் இதெல்லாம் தேவையா என்றார். தேவை என்றேன்.

பத்திரத்தை அனுப்பும் முன் உன் அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். முப்பத்தைந்து வருஷமாக மில் குடியிருப்பைக் கேட்டுக்கொண்டிருப்பவள். படித்துவிட்டுப் பத்திரத்தை மடித்து வைத்தாள். பிறகு, உங்க அம்மா நம்ம வீட்டுக்கு வந்தப்போ ஒரு தடவைகூட அந்த மில்லைப் பத்திப் பேசலையே, நான் கேட்டப்போகூடச் சிரிச்சு மழுப்பினாங்களே என்றாள். நான் சொன்ன பொய் எதையும் அம்மா உடைத்ததில்லை போலிருக்கிறது. இதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

அண்ணா

மே 21

அண்ணா,

நேற்று விசாரணை நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. உன் பத்திரத்தை எழுத்தர் வாசித்தார். வேகமாகத்தான் வாசித்தார். ஆனாலும் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. பாத்திரங்கள் வந்த இடத்தில் குழுவில் ஒருவர், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசித்து முடித்ததும் தலைவர், என்னிடம் கேட்கக் கேள்வி எதுவும் இல்லை என்றார்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. அதே அடித்தளம், பதினான்குக்குப் பத்து, பின்னால் ஒரு குளியலறை சேர்த்துக்கொள்ளலாம். கிழவி ஒருத்திக்குத் தாராளம்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை. பழைய கோப்பில் இருக்கும் வரியை யாரும் அழிக்கக் கூடாதாம். பக்கத்தில் திருத்தம் எழுதலாம். அன்று தகவல் தந்தவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். அது முடிந்தால்தான் உத்தரவு கைக்கு வரும். ஜூன் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

கால் ஆறியதும் வா. அவசரம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அவசரம்தான். என் அறையில் ஒரே ஒரு கட்டில். நான் கீழே படுத்துக்கொள்கிறேன்.

எறும்பு

ஜூன் 30

எறும்பு,

வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் கால் நீட்ட இடம் கிடைத்தது. உத்தரவைப் பத்திரமாக வைத்திரு. நகல் ஒன்று எடுத்து அனுப்பு. அண்ணி கேட்கிறாள்.

அலுவலகத்திலிருந்து நான் வெளியே வர ஏன் அவ்வளவு நேரம் என்று ஆட்டோவில் கேட்டாய். கால் வலி என்று சொல்லிவிட்டேன். நீ வெளியில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

அந்த அலுவலர் அம்மாள் கோப்பைத் திறந்து என் முன் வைத்தார். கையெழுத்தைப் பார்த்தேன். நீ எழுதியது போலவே கடைசி எழுத்து கீழே வளைந்திருக்கிறது. அன்று கை நடுங்கியது என்று நினைத்திருந்தேன். நடுக்கமே இல்லை, அழுத்தமாகத்தான் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

பிறகு திருத்தப் படிவத்தை எடுத்தார். எல்லாம் என் பத்திரத்தில் இருக்கிறது, ஆனாலும் தகவல் தந்தவரின் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்பது விதி, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அந்தப் பழைய வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“இந்தம்மா யாரு?”

“எங்க அம்மா” என்றேன்.

எழுதிக்கொண்டார். வேலைக்கு வந்தவரா, அங்கேயே குடியிருந்தவரா என்று அடுத்த கேள்வி. “அவங்க வீடுங்க அது” என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார். இந்தத் தடவை இடம் நிறைய விட்டிருந்தார்கள்.

அண்ணா